டக் சத்தம்

மார்பில் சோப்பு நுரை அப்படியே இருக்க, தண்ணீர் நின்றுவிட்டது.

கொல்லைப்புறத்தில் சுற்றிலும் பாத்திக் சேலைகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். பெஞ்சில் மூத்தவன் யுவோனோவும் அவன் தம்பியும் சித்தப்பா மகனும் வரிசையாக உட்கார்ந்து, செத்துப்போன தர்சோனோவை மடியில் ஏந்தியிருந்தார்கள். அந்த ஊரில் பெற்றவனைப் பிள்ளைகள் மடியில் வைத்துத்தான் குளிப்பாட்டுவார்கள். குளியலறைத் தொட்டியை அடிமட்டம் வரை வழித்தாயிற்று. குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

"மோட்டாரோட அந்தப் பாழாப்போன பிரஷர் சுவிட்சுதான்" என்று பக்கத்து வீட்டு காஸ்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "ஊருக்கே தெரிஞ்ச கதையாச்சே. மெயினை அணைங்கப்பா, தொறந்து பாக்கிறேன்."

தர்சோனோவின் மனைவி சுமார்த்தி சொம்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். சுவிட்சுக்கு ஒன்றும் இல்லை என்பது அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

எட்டு மாதமாக அவர் படுக்கை. வலது பக்கம் செத்துப்போனது, காது மட்டும் பாம்புக் காது. அந்தக் காதை வைத்துக்கொண்டு மனுஷன் மோட்டாரைக் காவல் காத்தார். குழாயைத் திறந்தால் தானாக ஓடி, மூடினால் தானாக நிற்கும் மோட்டார் அது. யாரும் குழாய் திறக்காத நேரத்தில் சுவிட்சு டக் டக்கென்று அடித்தால் போதும், "மார்த்தி, எங்கயோ ஒழுகுது பார்" என்று குரல் வந்துவிடும். சாதம் வடிக்கும்போது வரும், அவள் தொழுகையில் நிற்கும்போதும் வரும். முழங்கால் வலியோடு போய்ப் பார்த்தால் நிஜமாகவே ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். அதுதான் இன்னும் எரிச்சல். ஒரு நாளாவது அந்த மனுஷன் தப்பாகச் சொல்லக்கூடாதா?

நேற்று பொழுது சாயும் வேளையில் நாலாவது முறையாகக் கூப்பிட்டார். அவள் சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு மோட்டார் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். வீடு அமைதியாயிற்று. அப்பாடா என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "நின்னுடுச்சா?" என்றார்.

"ஆமா, கெட்டுப்போச்சு. நாளைக்குப் பாத்துக்கலாம், தூங்குங்க."

"எறும்பு புகுந்திருக்கும். மூடியைத் தொறந்து ஊதச் சொல்லு" என்றார். அப்புறம், "நான் எழுந்து உக்கார முடிஞ்சா அஞ்சு நிமிஷ வேலை" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விடியற்காலையில் கஞ்சியோடு போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

இப்போது காஸ்டி மூடியைக் கழற்றிவிட்டார். "அடேயப்பா, ஒரு படையே செத்துக் கிடக்கு! எறும்பு, எறும்பு!" உப்புத்தாளால் சுரண்டி, ஊதி, மூடி, மெயினைப் போடச் சொன்னார். மோட்டார் அசையவில்லை. "பாயின்ட்டே கருகிப்போச்சு போல. புதுசு வாங்கிட்டு வந்தாத்தான்."

"பக்கத்து வீட்டுல இருந்து ரெண்டு பக்கெட் கொண்டு வாங்க" என்றார் சடங்கு செய்ய வந்த மோதின். "மதிய லுஹர் தொழுகைக்குள்ள எடுத்தாகணும்."

"பாவம் அக்கா" என்றாள் திரைக்கு வெளியே ஒருத்தி. "எட்டு மாசம் பச்சைப் புள்ள மாதிரி பாத்துச்சு. ஒரு நாள் முகம் சுளிச்சிருக்குமா?"

சுமார்த்திக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை. யுவோனோ கனம் தாங்காமல் கையை மாற்றிப் பிடித்தான். அப்பாவின் கழுத்தோரத்தில் நுரை காய்ந்து பொருக்குத் தட்டியது.

"அம்மா, எங்க போற?"

"இருடா, வரேன்."

சமையலறையில் அரிசி டப்பாவை நகர்த்திப் பிளக்கைச் செருகினாள். மோட்டார் உறுமியது. கொல்லையில் குழாய் பீறிட்டது.

"சொன்னேன்ல! எறும்புதான்!" என்று காஸ்டி கத்தினார். "மெதுவாத்தான் பிடிக்கும் இது."

எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். சுமார்த்தி கொல்லைக்குத் திரும்பி வந்து சொம்பை எடுத்தாள். கடைசிச் சொம்பு கற்பூரத் தண்ணீரை அவள் கையாலேயே ஊற்றினாள்.

வெள்ளைத் துணியில் பொதிந்து, முகத்தை மட்டும் விட்டு வைத்தார்கள். "கண்ணீர் உடம்புல பட்டுடாம பாத்துக்கம்மா" என்றார் மோதின். சுமார்த்தி முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு குனிந்தாள். காதில் பஞ்சு வைத்திருந்தார்கள்.

"கெடலைங்க" என்றாள் அந்தப் பஞ்சுக்குள். "நான்தான் பிடுங்கினேன்."

முகத்தை மூடிக் கட்டினார்கள்.

வாசலில் பாடையைத் தூக்குமுன் மோதின் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "தெரிஞ்சோ தெரியாமலோ இவர் உங்களுக்குத் தப்புச் செஞ்சிருந்தா மன்னிச்சீங்களா?"

"மன்னிச்சோம்" என்றது தெரு முழுவதும். சுமார்த்தியும் சொன்னாள். அவர் அவளை மன்னித்தாரா என்று கேட்கிற வழக்கம் ஒன்றும் இல்லை. ஊர் வழக்கப்படி, உயர்த்திய பாடைக்குக் கீழே பிள்ளைகள் மூன்று முறை குனிந்து போய் வந்தார்கள். ஆண்கள் இடுகாட்டுக்கு நடந்தார்கள்.

பெண்கள் டீக் கிளாசுகளைக் கழுவி வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சுமார்த்தி காலியான கட்டிலோரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். எலும்பெல்லாம் வலித்தது. இனி யாரும் கூப்பிட மாட்டார்கள், படுக்கலாம் என்று நினைத்தாள்.

டக்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி, டக்.

நாலு டக் வரை எண்ணினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். கொல்லைக் குழாய், சாத்தியும் சாத்தாமலும் சொட்டிக்கொண்டிருந்தது. இறுக்கி மூடினாள். ஈரத் தரையில் ரோஜா இதழ்கள் ஒட்டிக் கிடந்தன. அங்கேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சத்தம் இல்லை.

"மூடிட்டேங்க" என்றாள் உள்ளே பார்த்து.