இவானா சொன்ன தொகை

கோர்தோபா நகரத்து ஆட்கள் விவாகரத்து, மூலநோய், மாமியார் சண்டை எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் போட்டு உடைப்பார்கள். சம்பளத்தைப் பற்றி மட்டும் மூச்சுவிட மாட்டார்கள். இவானா பர்ராசாவும் அந்த ஊர்க்காரிதானே. அன்று அவளிடம் கேட்டவன் தாமியான். கூடப் படித்தவன், நிரல் எழுதுவதில் அவளைவிடக் கெட்டிக்காரன். மறுநாள் அவனுக்கு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நேர்காணல்.

"சும்மா சொல்லுடி. உனக்கு எவ்வளவு குடுக்கிறாங்க? நானும் அதையே கேட்டுடறேன்."

அவள் வாங்கியது மாதம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பெசோ. இவளுக்குப் போய் இவ்வளவா என்று நினைத்துவிடுவானோ என்று கூசியது.

"தொண்ணூறாயிரம்," என்றாள்.

அவன் தொண்ணூறாயிரமே கேட்டான். நிறுவனத்தாருக்கு வாயெல்லாம் பல். உடனே கொடுத்துவிட்டார்கள். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை விற்கிற நாட்டில் அது எத்தனை நாளைக்குக் காணும்? சாயங்காலங்களில் மோட்டார் பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தான். ஒரு மழை நாளில் கால்வாய்க் கரைச் சாலையில் பேருந்தில் அடிபட்டுச் செத்துப்போனான்.

அதற்கு நான்கு வருடம் ஆகிவிட்டது. இப்போது இவானாவுக்கு வேலை போய் ஐந்து மாதம். கையிருப்பு இந்த மாதத்தோடு சரி. இரண்டு நேர்காணல்களில் எல்லாக் கேள்விக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னாள். கடைசியில், என்ன சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். உடனே காதோரம் தாமியானின் குரல்: "உனக்கு எவ்வளவு குடுக்கிறாங்க?" அவள் வாய் தானாகத் திறந்து தொண்ணூறாயிரம் என்றது.

இன்றைக்கு அந்தப் பணம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கறி விருந்துக்கே பற்றாது. "மாசத்துக்கா?" என்று ஒருத்தி சிரித்தாள். இன்னொருவன் ஏதோ மோசடிக் கும்பல் என்று நினைத்து இணைப்பைத் துண்டித்தான்.

மூன்றாவது நேர்காணல் மதியம் மூன்று மணிக்கு. தெருவே கதவடைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. திரையில் சில்வினா என்ற அதிகாரி. ஒரு மணி நேரம் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, தாளைப் புரட்டினாள்.

"உங்க சம்பள எதிர்பார்ப்பு?"

"உனக்கு எவ்வளவு குடுக்கிறாங்க?" என்றான் தாமியான். தலைக்கவசத்துக்குள்ளிருந்து பேசுவது போல அடைத்த குரல். பழைய தொகை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இவானா பல்லைக் கடித்தாள்.

"தொண்ணூறாயிரம் இல்லை, தாமியான். அன்னிக்கு நான் வாங்கினது ஒரு லட்சத்து எண்பதாயிரம். உன்கிட்ட பொய் சொன்னேன்."

சில்வினா நிமிர்ந்தாள். "யார்கிட்ட பேசுறீங்க? ஒரு லட்சத்து எண்பதாயிரமா?"

"அது உங்களுக்கு இல்லைங்க. ஒரு சிநேகிதனுக்கு." திரைக்கு நேராகத் திரும்பினாள். "எனக்கு இருபத்தஞ்சு லட்சம் வேணும். பிடித்தம் எல்லாம் போக, கைக்கு."

சில்வினா ஏதோ குறித்துக்கொண்டாள். முகம் கூடச் சுளிக்கவில்லை.

"சரி, அது எங்க வரம்புக்குள்ளதான். திங்கட்கிழமை சேர்ந்துக்க முடியுமா?"

அவ்வளவுதான். பேரம் இல்லை, முணுமுணுப்பு இல்லை. இவானாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. தாமியான் திட்டுவான் என்று பயந்து உட்கார்ந்திருந்தாள். நன்றாகத் திட்டித் தீர்த்துவிட்டுப் போகட்டும் என்றும் இருந்தது.

அவன் திட்டவில்லை. மெதுவாகக் கேட்டான்.

"கேட்டிருந்தா எனக்கும் குடுத்திருப்பாங்களா, இவானா?"

திரையில் சில்வினா பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்திருப்பாங்க," என்றாள் இவானா.