தாழ்ப்பாள் உள்பக்கம்

பூட்டுக்காரர் நாற்பது வருஷம் அடுத்தவன் வீட்டுக் கதவை நோண்டிப் பிழைத்தவர். சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று யார் வந்து நின்றாலும், அது உன் வீடுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்காமல் பையைத் திறக்க மாட்டார். சொந்தச் சம்பந்தியையே, பக்கத்து வீட்டுக்காரர் வந்து சாட்சி சொல்லும்வரை வாசலில் நிற்க வைத்தவர்.

அப்படிப்பட்ட ஆளைத்தான் மகள் தன் ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். அங்கே கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் நாள் முழுக்க பொம்மையை நடக்க வைக்கிறார்கள், அதற்குச் சம்பளமும் உண்டு. அந்த ஆபீசில் ஒரு சட்டம். விளையாட்டு தயாரானதும், ஜென்மத்தில் விளையாடியே இராத ஒருவரைப் பிடித்து உட்கார வைப்பார்கள். சுற்றி நிற்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. அரை மணியில் அவர் முடித்தால் விளையாட்டு கடைக்குப் போகும். முடிக்காவிட்டால் குப்பைக்கு. மகள் செய்த ஒன்று ஏற்கெனவே குப்பைக்குப் போயிருந்தது. இதுவும் போனால் அவளும் போக வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

திரையில் ஒரு கோபுரம். உச்சி அறையில் இளவரசி. கீழே கத்தியோடு இளவரசன், அவனை நடத்துவது பூட்டுக்காரர். வழியில் நெருப்பு கக்கும் டிராகன். அவர் சண்டைக்கே போகவில்லை. அது அசந்து தூங்கும்வரை காத்திருந்து, சுவரோரமாக நழுவி, படியேறிவிட்டார். மகளுக்கு உயிர் வந்தது. இனிக் கதவை உடைக்கும் பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது.

அவர் அழுத்தவில்லை. சுவரை வெட்டிவிட்டது போல அறையின் உள்பக்கமும் திரையில் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். இளவரசி தன்னைக் காப்பாற்றும்படி அழுதாள்.

"எதுக்கு? தாழ்ப்பாள் உன் பக்கம்தானே இருக்கு," என்றார் திரையைப் பார்த்து. "வெளிய பூட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. நீயே போட்டுக்கிட்டு உக்காந்திருக்க. கத்தியோட போய்க் கதவை உடைச்சா அதுக்குப் பேரு வேறம்மா."

கையைக் கட்டிக்கொண்டார். அரை மணியும் போயிற்று.

தாழ்ப்பாளை வரைந்தது யாரென்று முதலாளி கேட்டார். நான்தான் என்றாள் மகள். வீட்டில் தன் அறைக் கதவைப் பார்த்து வரைந்தாளாம், எந்தப் பக்கம் என்று யோசிக்கவே இல்லையாம். அப்போதுதான் பூட்டுக்காரருக்கு, பெற்ற பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டது உறைத்தது. இன்னொரு தடவை விடுங்க தம்பி, கண்ணை மூடிக்கிட்டு உடைச்சிடறேன் என்று கெஞ்சினார்.

"நீங்க ஒண்ணும் உடைக்க வேண்டாம்ப்பா," என்றாள் மகள். "சார், சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. தாழ்ப்பாள் அங்கேயே இருக்கட்டும். வர்றவன் போறவனுக்கெல்லாம் திறக்கணும்னு அவளுக்கு என்ன தலையெழுத்தா?"

முதலாளி அரை மனதாகத் தலையாட்டினார். அவள் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் வேலை பார்த்தாள். ஐந்து மணிக்கு, விளையாடத் தெரியாத இன்னொரு ஆளுக்கு எங்கே போவது என்ற பேச்சு வந்தது. முதலாளி மெதுவாகத் தொண்டையைச் செருமிவிட்டு, அவரே நாற்காலியில் உட்கார்ந்தார். பதினைந்து வருஷமாக விளையாட்டு விற்கும் மனுஷர், ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

கதவைத் தட்டினார். யார் நீ, உன்னை யார் கூப்பிட்டது என்று இளவரசி கேட்டாள். காப்பாற்ற வந்தேன் என்ற பதிலை அழுத்தினார். மேலேயிருந்து ஒரு வாளித் தண்ணீர் விழுந்தது. டிராகனைக் கொன்றுவிட்டேன் என்றார். அது நான் வளர்த்ததடா பாவி என்று இரண்டு வாளி. கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றதும் படியில் கடைசிவரை உருண்டார்.

அரை மணி ஆகிவிட்டதென்று யாரோ சொன்னார்கள்.

"சும்மா இருங்கப்பா," என்றார் முதலாளி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இவளுக்கு என்னதான் வேணும்?"

"எனக்கும் தெரியல தம்பி," என்றார் பூட்டுக்காரர். "ஆனா ஆள் யாருன்னு கேக்கறா பாருங்க, அது நியாயம்."

மகள் பையை எடுத்துக்கொண்டு, என்ன முடிவு சார் என்று கேட்டாள்.

"கடைக்கு அனுப்பும்மா. ஆனா இவ திறக்கிற வரைக்கும் இந்த மெஷினை ஒருத்தரும் தொடக்கூடாது," என்று சொல்லி மறுபடி படியேறினார். நாலாவது வாளி தயாராக இருந்தது.