இருபத்திரண்டு தப்படி

"எவ்வளவு தடிமன்? கையால காட்டும்மா."

அவள் முதலில் கட்டைவிரலைக் காட்டினாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டு கைகளையும் வளைத்துத் தொடையளவு காட்டியதும், வாடகை டிராக்டர்க்காரர் தலையைச் சொறிந்தார்.

"அது புதர் இல்ல தங்கச்சி, காடு. எத்தன வருஷமா விட்டு வெச்சிருக்கீங்க?"

"பதினோரு வருஷம்."

அம்மாவைத் தங்கள் சொந்த நிலத்தில் புதைத்துப் பன்னிரண்டு வருஷம். அடுத்த வருஷமே அப்பாவுக்குக் கால்கள் விழுந்துவிட்டன. இவள் வீட்டுக் கட்டிலில் வந்து படுத்தவர், இன்று காலை ஐந்தரை மணிக்குப் போய்விட்டார். தன்னை அம்மா பக்கத்தில் வைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனுஷன் யாரிடமும் வாய்திறந்து எதுவும் கேட்டதில்லை. மாலைக்குள் வைத்தாக வேண்டும். நிலத்துக்குள் கால் வைக்கக்கூட வழியில்லை.

எந்த வண்டி வேண்டும் என்று அப்பா எப்போதோ முடிவுசெய்துவிட்டார். டிராக்டர் நோட்டீஸ் எது கிடைத்தாலும் தலையணைக்கு அடியில் சேர்த்துவைத்துக்கொள்வார். "வண்டிய வாடகைக்கு எடுக்கப் போறீங்களா, கட்டிக்கப் போறீங்களா?" என்று இவள் கிண்டல் செய்வாள். அவரும் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

"பம்ப் ரூம் மூலையிலேருந்து நேரா இருபத்திரண்டு தப்படி. நாலு பக்கமும் செங்கல்ல மண்ணோட மண்ணா பதிச்சிருக்கேன். நீ கத்தி வண்டியா பாரு. ஒரு சாண் ஒசரத்துல வெட்டிட்டே போகும். அம்மா மேல படாது."

"சரிப்பா, பாக்கலாம்."

பதினோரு வருஷமும் இதே பதில்தான்.

வாடகைக்காரரின் கொட்டகையில் இன்று இரண்டு வண்டிகள்தான் சும்மா நின்றன. ஒன்று சின்னது, பின்னால் சுழல்கத்தி பூட்டியது. அப்பா சொன்ன அதே வண்டி. இன்னொன்று பெரியது, முன்னால் ஆள் நீளத்துக்கு இரும்புப் பலகை மாட்டிய டோசர்.

"கத்தி வண்டி குடுங்கண்ணே."

"மணிக்கட்டு கனம் வரைக்கும்தான் அது வெட்டும். தொட கனத்துல குடுத்தா கத்தி தெறிச்சிடும். முதல்ல ஆள் விட்டு ரம்பத்துல அறுக்கணும். நாளைக்கு மத்தியானம் ஆயிடும்."

"டோசர்?"

"ரெண்டு மணி நேரம். வேரோட வழிச்சுத் தள்ளிடும்."

"மண்ணையும் சேத்தா?"

"மேலாக்க கொஞ்சம் வரத்தான் செய்யும்."

பதினோரு வருஷம் படுத்தே கிடந்த உடம்பு. முதுகு முழுக்கப் புண். காலையில் துடைத்துவிட்டபோதே துணியோடு தோலும் வந்தது. நாளை மத்தியானம் வரை அது தாங்காது. செங்கல்தான் மண்ணுக்குள் இருக்கிறதே, மேலாக வழித்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"டோசரே வரட்டும்ணே."

நிலத்தில் இறங்குவதற்கு முன் டிரைவரிடம் கெஞ்சினாள். "உள்ள எங்கம்மா சமாதி இருக்கு. அங்க வரும்போது மட்டும் பலகையத் தூக்கிக்கோங்க."

"எங்கேன்னு காட்டுங்கம்மா."

அவள் புதரைப் பார்த்துக் கைநீட்டினாள். முள்ளும் கொடியும் ஆள் உயரத்துக்குப் பின்னிக் கிடந்தன. நீட்டிய கையை இறக்கினாள்.

"செங்கல் தெரிஞ்சா நிறுத்துறேன்மா" என்றார் அவர். நல்ல மனிதர். ஆனால் அந்தப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தால் முன்னால் தரை தெரியாது. மரங்கள் சாய்ந்தன. ஒவ்வொரு வேரும் வண்டிச் சக்கரம் அளவு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. சத்தத்தில் அவள் "நிறுத்துங்க" என்று கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு நிலம் உள்ளங்கை மாதிரி வெறுமையாகக் கிடந்தது. பதினோரு வருஷமாகப் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டது, சொன்னபடி இரண்டு மணி நேர வேலைதான்.

பம்ப் ரூம் மூலையில் முதுகை ஒட்டி நின்று நடந்தாள். இருபத்திரண்டு. கிளறிய மண்தான். அப்பா நெட்டை. திரும்பிப் போய், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலை எட்டப் போட்டு நடந்தாள். முன்பு நின்ற இடத்தைத் தாண்டி இரண்டு ஆள் நீளம் தள்ளி வந்து நின்றாள். அங்கேயும் மண்தான். அப்பா எப்படி நடப்பார் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். கட்டில்தான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தபோது பம்ப் ரூமுக்கு இந்தப் பக்கம் இரண்டு மூலைகள் இருந்தன. எந்த மூலை என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சந்தோஷமாக ஒரு மணி நேரம் சொல்லியிருப்பார்.

குழி வெட்ட வந்த இருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

"எங்க வெட்டணும்மா?"

மணி மூன்றாகப் போகிறது. அவள் காலால் ஒரு கோடு கிழித்தாள்.

"இங்க."

நான்கு மணிக்கு அப்பாவைக் கொண்டுவந்தார்கள். அக்காவும் கூட வந்தாள். அம்மா போனபோது வந்தவள்தான், அதற்குப் பிறகு இப்போதுதான் வருகிறாள். குழியை மூடி, ஆட்கள் ஒதுங்கிப் போகும்வரை அழாமல் நின்றாள்.

"அம்மா எந்தப் பக்கம்டி?"

இன்னும் கிளம்பாமல் நின்றிருந்த டிரைவர் இவளை ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

"இடது பக்கம்க்கா."

அக்கா இடது பக்கம் போய் உட்கார்ந்தாள். வெறும் தரையை உள்ளங்கையால் தடவினாள். பிறகு குனிந்து முகத்தை அதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். எழுந்தபோது நெற்றியில் மண் ஒட்டியிருந்தது.

"ஒரு புல்லு பூண்டு இல்ல. எவ்வளவு சுத்தமா வெச்சிருக்க. நான்தான் ஒண்ணுமே செய்யல" என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அக்காவின் தோளுக்கு மேலே டோசர் நின்றது. அதன் இரும்புப் பலகையில், செங்கல் உரசிய சிவப்புக் கோடு ஒன்று கோணலாக ஓடியது. டிரைவர் ஈரச் சாக்கால் அதை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.