துரைக்கு விளையாட்டுப் பாடம்

இருபத்தாறு வருஷமாகப் பள்ளியில் பி.டி. மாஸ்டராகக் குப்பை கொட்டுகிறவன் நான். எனக்கே விளையாட்டைப் பற்றிச் சொல்லித்தர வந்துவிட்டாள், நாய்க் காப்பகத்துக்கார அம்மா! ஆறு வயது நாயை என் கையில் கொடுத்துவிட்டு, "கிடங்குல காவலுக்கு இருந்தது சார். பொம்மையையே பார்த்ததில்ல. ஒரு மாசம் வச்சுப் பாருங்க. விளையாடுற அளவுக்குப் பயம் தெளியலன்னா வேற வீடு பார்த்துடுவோம்" என்றாள்.

"விளையாட்டுதானே? என்கிட்ட விட்டுடுங்க."

அதன் நடையைப் பார்த்துத் துரை என்று நான்தான் பேர் வைத்தேன். இரண்டே நாளில், அது இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை. மனைவி சிரிப்பாள் என்று வெளியே சொல்லவில்லை.

தினமும் காலை ஆறு மணிக்குக் கூடத்தில் வகுப்பு. பந்து, கயிறு, அழுத்தினால் கீச்சிடும் ரப்பர் வாத்து, மூன்றையும் வரிசையாக வைத்தேன். துரை மோந்துகூடப் பார்க்கவில்லை. நானே தவழ்ந்துபோய் வாத்தை வாயில் கவ்விக் காட்டினேன். துரை எனக்காக வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்னங்க, அதுவா ஆசைப்பட்டு எடுக்கட்டுமே" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. பயிற்சின்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?"

மூன்றாவது வாரம் வழிக்கு வந்தது. "ஓடு!" என்றால் ஓடும். "எடு!" என்றால் எடுக்கும். "வை!" என்றால் என் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காரும். என் பத்தாம் வகுப்புப் பயல்களில் ஒருத்தன்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாசக் கடைசியில் அந்த அம்மா வந்தாள். மொத்தப் பாடத்தையும் செய்து காட்டினோம். ஒரு பிசகு இல்லை.

"வால் எங்க இருக்குன்னு பாருங்க சார்" என்றாள்.

பின்னங்கால்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது விளையாடல. டியூட்டி பார்க்குது" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து சங்கிலியை எடுத்தாள்.

"மேடம், இன்னும் ஒரே ஒரு வாரம்..." கெஞ்சிப் பழக்கமில்லாததால் குரல் கம்மிவிட்டது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சார், நீங்க சமையலறையில போய் இருங்க."

போனேன். கதவைச் சாத்தினேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கீச். இன்னொரு கீச். நகங்கள் தரையில் வழுக்குகிற சத்தம், நாற்காலி சாய்கிற சத்தம், மனைவியின் சிரிப்பு.

"துரை இங்கேயே இருக்கட்டும் சார்!" என்று அந்த அம்மா குரல் கொடுத்தாள்.

அப்பாடா! தாழ்ப்பாளில் கை வைத்தேன். அது அசைந்ததுமே கூடத்தில் சத்தம் நின்றுவிட்டது.

"என்னங்க, வராதீங்க! இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு."

கையை எடுத்துவிட்டேன். சந்தோஷம்தான், அழுகையும் வந்தது. அந்த நேரம் பார்த்து இருமலும் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, கூடத்தில் மறுபடி சத்தம் கிளம்பும்வரை அப்படியே நின்றேன்.