திருப்பித் தர முடியாத பூட்ஸ்

மூன்றாவது ஜோடியை மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நாலு தப்படி நடந்துவிட்டு, "இதுவே போதும்" என்றான் எய்வின்.

தரையில் மண்டியிட்டிருந்த தோர்கேர் நிமிர்ந்து பார்த்தான். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு.

"போன வருஷமும் இதத்தான்டா சொன்ன. அதுக்கு முந்தின வருஷமும். ரெண்டு தடவையும் விலைச்சீட்டுகூடக் கிழிக்காம திருப்பிக் கொண்டுவந்து வச்ச. உன் வீட்டு அலமாரி என்ன, என் கடைக்குக் கிடங்கா?"

நார்வேயின் மலையூரான ரோரோஸில் அது சகஜம். ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். ஒரே நிபந்தனை, பனியில் மிதித்திருக்கக் கூடாது. எய்வின் அந்த நிபந்தனையை இரண்டு குளிர்காலமும் ஒழுங்காகக் காப்பாற்றினான்.

சனிக்கிழமை மகள் சீக்னேயின் வகுப்பு மலைக்குடிலுக்குப் போகிறது. பெற்றோரும் கூடவே ஏறிப்போய், நெருப்பு மூட்டி, சாசேஜ் சுட்டுத் தின்றுவிட்டு இறங்குவார்கள். இரண்டு வருஷமும் அவன் சீக்னேயைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, அடிவாரத்தில் காருக்குள் உட்கார்ந்திருந்தான். பூட்ஸ் சரியில்லை என்றான். மனைவி ஒத்னி உயிரோடு இருந்தவரை அந்த ஏற்றத்தில் முன்னால் போகிறவள் அவள்தான். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறிப் பழகியவன். முதுகு இல்லாத மலையை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அப்பா, விரல ஆட்டு" என்றாள் சீக்னே. ஏழு வயது. முன்பல் இரண்டும் இல்லை.

"ஆட்டுறேன்."

"பொய். ஆடல."

"பூட்ஸுக்குள்ள ஆடுறது உனக்கு எப்படிடீ தெரியும்?"

"உன் மூஞ்சியில தெரியும்."

தோர்கேர் சிரித்துவிட்டான். பூட்ஸைக் கழற்றிப் பார்த்தவன் தலையில் அடித்துக்கொண்டான். "மெல்லிசு சாக்ஸ்! பனி பூட்ஸ் வாங்க இப்படி வந்த ஆளை இந்த ஊர்ல இப்பத்தான்டா பாக்குறேன். நீ மலைக்குப் போறியா, பேங்குக்குப் போறியா?"

சீக்னே தன் பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து சாம்பல் நிறக் கம்பளிச் சாக்ஸ் ஒரு ஜோடி வந்தது. "நீ மறப்பேன்னு தெரியும்."

ஒத்னி பின்னியது. இடது கால் இரண்டு விரற்கடை நீளம். கேட்டால், "உன் காலுதான் கோணல்" என்பாள். அவன் மெதுவாக இழுத்துப் போட்டுக்கொண்டான். குத்தியது. முன்பும் குத்தத்தான் செய்யும். நாற்பத்து மூன்றாம் அளவு பூட்ஸ் இப்போது குதிகாலோடு நின்றுவிட்டது. தோர்கேர் நாற்பத்து நாலை எடுத்துவந்தான்.

"இறுக்கிப் பிடிச்சா உள்ள எத்தனை கம்பளி இருந்தாலும் விறைச்சுடும்டா. விரலுக்கு முன்னால கொஞ்சம் காத்து இருக்கணும். ம், கட்டு."

கட்டினான். எழுந்தான். விரல்கள் ஒவ்வொன்றாக அசைந்தன.

"ஆடுது!" சீக்னே கத்தினாள். "அப்பா, ஆடுது!" கடையில் கையுறை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர்கூடத் திரும்பி அவன் கால்களைப் பார்த்தார்.

"பெட்டியில போட்டுத் தரட்டுமா?" என்றான் தோர்கேர். "பில்லைப் பத்திரமா வச்சுக்கோ. வழக்கம்போல."

இதற்கு மட்டும் சீக்னே சிரிக்கவில்லை. பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

எய்வின் கதவைத் தள்ளினான். பனியை வாரித் தள்ளும் வண்டி காலையில் குவித்துவிட்டுப் போன மேடு, கடையின் ஜன்னல் உயரத்துக்கு நின்றது. மேலே வெயில்.

"டேய்! மிதிச்சா நான் திரும்ப எடுக்கமாட்டேன்!"

"தெரியும்டா."

மிதித்தான். முழங்கால்வரை இறங்கியது. அடுத்த காலை வைத்தான், அதுவும் இறங்கியது. மூன்றாவதில் நிலைதடுமாறி மல்லாக்க விழுந்தான். கழுத்துக்குள் பனி புகுந்ததும் அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று அவனுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

சீக்னே அவனைத் தாண்டி, நாலு காலில் மேட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தாள். "என் தடத்துலயே கால வை, அப்பா!"

வாசலில் தோர்கேர் அவனுடைய பழைய ஷூக்களைக் கைக்கொன்றாகத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். எய்வின் எழுந்தான். மகளின் சின்னத் தடத்தில் நாற்பத்து நாலை வைத்தான். தடம் உடைந்து பெரிதாயிற்று. கணுக்காலில் விலைச்சீட்டு நனைந்து, ஆடிக்கொண்டே மேலே ஏறியது.