காதுக்குப் பின்னால் ஒரு மரு

மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். மருமகனும் இல்லை, அதற்கு நானே சாட்சி. என் மாமியார் நடத்தும் நாய்க் குளியல் கடையில் முடி வெட்டுகிறவன் நான். நாய்களைத் தேய்த்துக் குளிப்பாட்டுவது என் மனைவி. எங்கள் இரண்டு பேர் வேலையிலும் குறை கண்டுபிடிப்பது மாமியார்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் ஷட்டரை இறக்கியதும் அத்தை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று எங்கள் தலைகளைத் தடவுவார். கண்ணால் பார்க்கவே மாட்டார், எல்லாம் விரல்தான். அடர்ந்த முடிக்குள் கண்ணைவிட விரலுக்குத்தான் பார்வை அதிகம் என்பது அவர் கட்சி. நாய்கள் விஷயத்தில் அது உண்மையும்கூட. எனக்கு உடம்பு கூசும். வாயைத் திறக்க முடியுமா?

அன்று காலை என் மனைவி கட்டிலிலிருந்து இறங்கியவள் அப்படியே தரையில் சரிந்தாள். முந்தின நாள் கால் கனக்கிறது என்றபோது, மகாராணிக்கு உடம்பு வணங்கவில்லை என்று கிண்டல் செய்தவன் நான். இப்போது இரண்டு காலும் ஈரத்துணி மாதிரி தொங்கின. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் கையும் தளர்ந்துவிட்டது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. மத்தியானம் ஒரு வாய் தண்ணீரை விழுங்க முடியாமல் புரையேறி இருமினாள்.

டாக்டரம்மா முழங்காலில் தட்டிப் பார்த்தார். கால் அசையவில்லை.

"கீழேயிருந்து மேல ஏறிட்டு வருது. நெஞ்சு வரைக்கும் வந்துட்டா மூச்சு விட முடியாது, குழாய் போட்டாகணும்," என்றார். "நரம்பு வியாதியா இருக்கலாம். ஆமா, நீங்கல்லாம் என்ன வேலை பார்க்கறீங்க?"

சொன்னேன். அவர் புருவம் உயர்ந்தது. "உண்ணி ஏதாவது கடிச்சிருக்குமா?"

அத்தைக்குச் சுருக்கென்றது. "எங்க கடையிலயா? தினமும் நானே தலையைப் பார்க்கறேன் டாக்டர். ஒண்ணும் கிடையாது."

"நானும் ஒரு தடவை பார்த்துடறேன்மா. உண்ணி காய்ச்சலைப் பரப்பும்னு உங்களுக்கே தெரியும். இது வேற. முட்டை போடறதுக்கு முன்னாடி பெண் உண்ணி நாள் கணக்கா ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கும். சிலதுக்கு எச்சில்லயே விஷம் இருக்கும். ஒட்டியிருக்கற வரைக்கும் விஷம் இறங்கிக்கிட்டே இருக்கும். எடுத்துட்டா பெரும்பாலும் சரியாயிடும்."

டாக்டரம்மாவின் விரல்கள் என் மனைவியின் அடர்ந்த முடிக்குள் போயின. இடது காதுக்குப் பின்னால் நின்றன.

"அது மரு," என்றார் அத்தை உடனே. "பிறந்ததுலேர்ந்தே இருக்கு. அதிர்ஷ்ட மரு. கிள்ளிடாதீங்க. நேத்துகூட என் கையில தட்டுப்பட்டுச்சே."

டாக்டரம்மாவின் கை அதைத் தாண்டி நகர்ந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மருதான் இப்போது இல்லையே! சீப்பு பட்டுப் பட்டு ரத்தம் வருகிறது என்று போன மாதம்தான் ஒரு தோல் டாக்டரிடம் போய் அதை எடுத்துவிட்டாள். அம்மாவுக்குத் தெரிந்தால் வீடு ரெண்டுபடும் என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கியிருந்தாள். அந்த இடத்தில் கட்டியிருந்த பொருக்கையே அத்தையின் விரல் மரு என்று நம்பிக்கொண்டிருந்தது, அதுவும் போன வாரம் உதிர்ந்துவிட்டது. கட்டிலிலிருந்து அவள் கண் என்னையே பார்த்தது. உடம்புதான் அசையவில்லை, காது நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது!

"டாக்டர், அது மரு இல்ல! மருவைப் போன மாசமே எடுத்தாச்சு!"

அத்தை என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. டாக்டரம்மா முடியை விலக்கி டார்ச்சை அடித்தார். காய்ந்த திராட்சை அளவுக்குச் சாம்பல் நிறத்தில் உப்பிக் கிடந்தது. வெளிச்சம் பட்டதும் அதன் கால்கள் அசைந்தன.

"பிதுக்கக் கூடாது. வயித்துல இருக்கறது அவங்க உடம்புக்குள்ள போயிடும்," என்று சொல்லிக்கொண்டே, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நிதானமாக நேராக இழுத்தார். வாயோடு வந்துவிட்டது.

"இன்னொண்ணு எங்கேயாவது இருந்தா, இதை எடுத்தும் பிரயோஜனமில்ல. அம்மா, உங்களுக்குத்தான் பழக்கம். நீங்களும் பாருங்க."

அத்தை பின்வாங்கினார். "என் கையால வேண்டாம் டாக்டர். தினமும் அதைத் தடவிக் கொடுத்ததே இந்தக் கைதான்."

கையைப் புறங்கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றுவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது. நானும் நர்ஸும்தான் உச்சி முதல் உள்ளங்கால் வரை தேடினோம். எதுவும் அகப்படவில்லை. இல்லாததால் அகப்படவில்லையா, எங்களுக்குத் தேடத் தெரியாததால் அகப்படவில்லையா? கட்டிலருகே குழாயைத் தயாராக வைத்திருந்தார்கள். அவள் மூச்சு மேலோட்டமாகத்தான் போய் வந்தது. ஒவ்வொரு மூச்சையும் நான்தான் இழுத்துவிடுவது போல நெஞ்சு வலித்தது.

பொழுது சாயும் நேரத்தில் அவள் எச்சிலை விழுங்கினாள். இருமவில்லை. கொஞ்சம் கழித்து விரல்கள் போர்வையைப் பிடித்தன. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, குழாயை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

"அம்மா," என்றாள், நாக்குக் குழற.

அத்தை கால்மாட்டுக்கு வந்தார். கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

"தலையைப் பாரும்மா. அவர் சரியா பார்த்திருக்க மாட்டாரு."

அத்தை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தலைமாட்டில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார். நான் வராந்தாவுக்குப் போய் ஓவென்று அழுதேன்.