சின்ன மாப்பிள்ளையின் அடையாளங்கள்

ஒரு வீட்டில் இரண்டு மருமகன்கள் இருந்தால் ஒருவர்தான் மருமகன். மற்றவர் ஆள் கணக்குக்கு. பெரிய மாப்பிள்ளை இந்த உண்மையைப் பதினோரு வருடமாக மென்று விழுங்கி வந்தார்.

நீதிமன்றத்தில் அவர் வாரண்ட் பிரிவு எழுத்தர். யாரைப் பிடித்து வரச் சொன்னாலும் அந்தத் தாள் அவர் மேசையில் முத்திரை வாங்காமல் வெளியே போகாது. ஆனால் அந்த அதிகாரம் மாமனார் வீட்டு வாசலோடு நின்றுவிடும். உள்ளே அவருக்கு முக்காலி. சோபாவின் நடுப்பகுதி சகலைக்கு.

சகலை தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் விற்பவர். வேலை அவ்வளவுதான், ஆனால் அதை விமானத்தில் போய்ச் செய்தார். பெட்டியின் கைப்பிடியில் பழைய விமானச் சீட்டுகள் கொத்தாகத் தொங்கும். "கிழிக்க நேரம் எங்கங்க இருக்கு?" என்பார். அதைச் சொல்ல மட்டும் கால் மணி நேரம் இருக்கும். அவருடைய நேரமின்மையில் மயங்கிய மாமனார், முப்பது வருடம் கட்டியிருந்த கைக்கடிகாரத்தைக் கழற்றி, முக்காலியைத் தாண்டிப் போய், சோபாவின் நடுவில் கொடுத்தார். மூன்று வருடமாகியும் அந்த நிமிடம் பெரிய மாப்பிள்ளையின் நெஞ்சில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முத்திரைக்கு வந்த தாள்களில் சகலையின் பெயர் இருந்தது. பூங்காவின் இரும்புக் கேட்டைக் காரால் இடித்துவிட்டு நிற்காமல் போன வழக்கு. மூன்று சம்மன்களும் 'ஆள் வீடு மாறிவிட்டார்' என்று திரும்பியிருந்தன. ஆகவே பிடியாணை. வீடு மாறிய அன்று பீரோவின் ஒரு முனையைத் தூக்கியவரே பெரிய மாப்பிள்ளைதான்.

ஒரு போன் போட்டால் போதும். நாளைக்கே வந்து தலையைக் காட்டினால் அபராதத்தோடு போய்விடும். போனை எடுத்தார். அதில் சகலை அனுப்பிய படம் வந்து கிடந்தது: ஜன்னல், மேகம், இறக்கையின் நுனி. கீழே, "மேலேருந்து பார்த்தா எல்லாரும் எறும்பு மாதிரி!"

எறும்பு போனைக் கவிழ்த்து வைத்தது.

விமான நிலையத்துக்குத் தகவல் அனுப்ப நான்கு பக்கப் படிவம் ஒன்று உண்டு. அதை முழுக்க நிரப்பியவர் அந்தப் பிரிவிலேயே கிடையாது. பெயரும் எண்ணும் எழுதி அனுப்பிவிடுவார்கள். பெரிய மாப்பிள்ளை அன்று சாப்பாட்டு வேளையையும் விட்டுக்கொடுத்து நிரப்பினார். 'எங்கு காணப்படுவார்' என்ற கட்டத்தில் நிதானமாக யோசித்தார். சகலைக்குச் சனிக்கிழமை அடுத்த விமானம்; வழக்கம்போல் குடும்பமே வழியனுப்பப் போகும். உள்ளே போன பிறகு பிடித்தால் நம் கண்ணில் படாதே! 'பெட்டி எடைபோடும் இடத்துக்கு முன், வழியனுப்ப வந்த குடும்பத்துடன், சனிக்கிழமை காலை பத்து மணி' என்று எழுதினார். 'தனி அடையாளங்கள்' கட்டத்துக்கு வந்தபோது பேனா தானாக ஓடியது. இடம் போதாமல் பக்கத்தின் பின்புறமும் எழுதினார்.

சனிக்கிழமை பத்துக்கு முன்பே குடும்பம் பார்வையாளர் சீட்டு வாங்கி அங்கே நின்றது. பெரிய மாப்பிள்ளை புதுச் சட்டையில் இருந்தார்.

"என்ன சகலை, அதிசயமா வழியனுப்ப வந்திருக்கீங்க?" என்றார் சின்னவர், கழுத்தில் மாட்டிய தலையணையைத் தட்டிக்கொண்டே.

"போறவங்களை ஒரு தடவையாவது பார்க்கணுமில்ல."

"இவருக்கு இன்னைக்கு வாயெல்லாம் பல்லு. என்னன்னு தெரியல," என்றாள் பெரியவரின் மனைவி தங்கையிடம்.

சரியாகப் பத்து மணிக்கு மூன்று காவலர்கள் வந்தார்கள். கூட வந்த பெண் அதிகாரி கையில் படிவம்.

"சார், உங்க பேர்ல பிடியாணை இருக்கு. ஆளைச் சரிபார்க்கணும். அடையாளத்தைச் சத்தமாப் படிச்சு ஒப்பிடணும்கிறது விதி."

அந்த விதி பெரிய மாப்பிள்ளைக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. யாரும் எதையும் எழுதாததால் யாரும் எதையும் படித்ததில்லை.

"'நெஞ்சை முன்னால் தள்ளி நடப்பார். கேட்காமலே விமானத்தைப் பற்றிப் பேசுவார்,'" என்று படித்தார் அதிகாரி. "'சோபா இருந்தால் நடுவில் உட்காருவார். தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பார்.'"

"அட, நீங்கதான்!" என்றாள் சின்னவரின் மனைவி, வாயைப் பொத்திக்கொண்டு.

அதிகாரி தாளைத் திருப்பினார். "'இடது கையில் பழைய கைக்கடிகாரம். மாமனார் கொடுத்தது. நியாயப்படி மூத்த மருமகனுக்குச் சேரவேண்டியது.'"

எடைபோடும் இயந்திரம் மட்டும் கீச்சிட்டது. மாமனார் திரும்பினார். அக்கா திரும்பினாள். தங்கை திரும்பினாள். புதுச் சட்டைக்குள் பெரிய மாப்பிள்ளை சுருங்கிக்கொண்டிருந்தார்.

சின்னவர் முகத்தில் முதலில் ரத்தமே இல்லை. பிறகு மெல்ல நெஞ்சு முன்னால் வந்தது.

"நாலு பக்கமா சகலை? என்னைப் பத்தியா?"

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே மாப்பிள்ளை," என்றார் மாமனார். காவலர்களை எண்ணிப் பார்த்தார். "மூணு பேரு வந்திருக்காங்க. சாதாரண ஆளுக்கு ஒருத்தரே போதும்."

"நம்மளைப் பிடிக்கணும்னா பஸ் ஸ்டாண்டே போதும்," என்றாள் பெரியவள், கணவனைப் பார்க்காமல்.

"சார், உடம்புல போட்டிருக்கிற பொருளைக் குடும்பத்துல யாராவது வாங்கிக்கணும்," என்றார் அதிகாரி.

சின்னவர் கடிகாரத்தைக் கழற்றி, எல்லோரையும் தாண்டி வந்து, சகலையின் உள்ளங்கையில் வைத்தார்.

"பிடிங்க. ஆசைப்பட்டதுதானே. ரெண்டு வருஷமா ஓடல. ப்ளேன்ல போறவனுக்கு இறங்குற இடத்துல எல்லாம் நேரம் மாறும், எதுக்கு ரிப்பேர்னு விட்டுட்டேன்."

இரண்டு காவலர்கள் இருபுறமும், ஒருவர் பின்னால் பெட்டியை உருட்டிக்கொண்டும் வர, அவர் நடுவில் நடந்து போனார். கைப்பிடியில் சீட்டுகள் ஆடின. வரிசையில் நின்றவர்கள் யாரோ பெரிய மனிதர் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

அதிகாரி ரசீதை நீட்டினார். 'பொருளின் நிலை' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. பெரிய மாப்பிள்ளை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படிவத்தில் ஒன்றும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டார்.